போடர் வழி விற்கும் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கனடா விசா வேலை செய்து கொடுக்கும் அலுவலகங்களை நடத்துகிற தம்பிமாருக்கு,

வணக்கம். உங்களில் சிலருக்கு என்னை நேரில் தெரியும். களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் கிராம உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் அனுப்பி வைத்த ஆட்களுக்கு வதிவிடச் சான்றிதழும் நற்சான்றிதழும் எழுதிக் கொடுத்த கை இது. கதிரையை விட்டு இறங்கினாலும் ஊர்ச் சனம் விடவில்லை. இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தால் இன்னும் என் படலையைத்தான் தட்டுகிறார்கள். அதனால் உங்கள் தொழிலில் காசு கை மாறிய பிறகு என்ன நடக்கிறது என்பதை நான் கொஞ்சம் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், கல்முனைக்குப் போன இடத்தில் ஒரு சுவரில் பளபளவென்று ஒரு நோட்டீஸ் கண்டேன். "கனடா பிஆர்: போடரில் அக்டிவேஷன் செய்து தரப்படும்." பிஆர் என்றால் கனடாவில் நிரந்தரமாக வாழும் அனுமதி. அமெரிக்கா வழியாகப் போய்க் கனடாப் போடரில், அதாவது எல்லையில், அதை முடித்துத் தருகிறோம் என்று காசு வாங்கும் இந்த வியாபாரம் கொரோனாவோடு செத்துப்போனது என்று நினைத்திருந்தேன். சாகவில்லை. ஆகவே அந்தப் பழைய கணக்கை ஒருமுறை எல்லோருக்கும் முன்னால் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். தரைவழி லாண்டிங், அதாவது பிஆர் அனுமதி கிடைத்தவர் தரை எல்லையில் போய்க் கையெழுத்துப் போட்டு அதை உறுதிப்படுத்துவது, பொய்யல்ல. முழுப் பொய்யாக இருந்திருந்தால் சனம் எப்போதோ பிடித்திருக்கும். பாதி உண்மை என்பதால்தான் எடுபட்டது.

2020 மார்ச் 18ஆம் திகதி கனடா வெளிநாட்டவர்களுக்குக் கதவைச் சாத்தியது. அதற்குள் பிஆர் அனுமதி கிடைத்தவர்கள் வரலாம், பிறகு கிடைத்தவர்கள் பொறுத்திருக்க வேண்டும் என்று கோடு போட்டார்கள். மார்ச் 21ஆம் திகதி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் உள்ள தரை எல்லையும் அவசியமில்லாத பயணங்களுக்கு மூடப்பட்டது. ஆனால் அமெரிக்காவில் இருந்து வருகிறவர்களுக்குத் தனி விதி இருந்தது. பதினான்கு நாள் அங்கேயே தங்கியிருந்த ஒருவர் கனடாவில் குடியேறத்தான் வருகிறார் என்றால் அதை அவசியப் பயணமாக எடுத்துக்கொண்டார்கள். அங்கே வேலை விசாவில் இருந்தவர்கள் வீட்டுச் சாமானைக் காரில் ஏற்றிக்கொண்டு, பஃபலோவில் இருந்து பீஸ் பிரிட்ஜ் வழியாக ஃபோர்ட் ஈரிக்கும், டிட்ரொய்ட்டில் இருந்து வின்ட்சருக்கும் போய், எல்லை மேசையிலேயே கையெழுத்துப் போட்டுப் பிஆர் ஆனார்கள். யூடியூப்பில் நீங்கள் பார்த்தது இவர்களைத்தான்.

அப்புறம் ஹோட்டல் கதை. 2021 பெப்ரவரி 22 முதல் விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் கொரோனாப் பரிசோதனை முடிவு வரும்வரை, மூன்று இரவு மட்டில், சொந்தக் காசில் ஹோட்டலில் தங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. தரைவழியாக வந்தவர்களுக்குப் பரிசோதனையும் வீட்டுத் தனிமையும் இருந்தன, ஹோட்டல் மட்டும் இல்லை. உடனே ஆட்கள் பஃபலோவுக்குப் பறந்து, டாக்ஸி பிடித்துப் பாலத்தைத் தாண்டத் தொடங்கினார்கள். இதுவும் உண்மைதான்.

மூன்றாவது கூட்டம் ஏற்கெனவே கனடாவுக்குள் வேலை விசாவிலோ படிப்பு விசாவிலோ இருந்தவர்கள். அவர்கள் காரில் எல்லை மட்டும் போய், அமெரிக்கப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்து லாண்டிங் செய்வது நெடுநாளைய பழக்கம். கொரோனா வந்ததும் அதை நிறுத்தி, தொலைபேசியிலும் இணையத்திலுமாக அந்த வேலையை முடித்துக் கொடுத்தார்கள்.

சரி. இந்த மூன்று கூட்டத்திலும் நம்முடைய ஊர்ப் பிள்ளை எங்கே இருக்கிறது?

இலங்கைப் பாஸ்போட்டோடு அமெரிக்க மண்ணில் கால் வைக்க விசா வேண்டும். விமானம் மாறுவதற்கு மட்டும் என்றாலும் வேண்டும். டோஹாவில், துபாயில் உள்ளது மாதிரி வெளியே போகாமல் லவுஞ்சில் குந்தியிருந்துவிட்டு அடுத்த விமானத்தில் ஏறுகிற ஏற்பாடு அமெரிக்காவில் கிடையாது. எல்லோரும் குடிவரவு வரிசையில் நின்றே ஆக வேண்டும். அந்த விசாவைக் கொடுக்கிற தூதரகங்களோ 2020 மார்ச்சில் உலகம் முழுவதும் வழமையான விசா வேலையை நிறுத்திவிட்டன. பஃபலோவில் இருந்து பாலம் தாண்டுவது ஒரு மணித்தியால வேலைதான். களுவாஞ்சிகுடியில் இருந்து பஃபலோவுக்குப் போவது எப்படி என்று மட்டும் உங்களில் ஒருவரும் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. 2021 தொடக்கத்தில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒன்று ஒரு தாளோடு என்னிடம் வந்தது. கலியாணம் முடித்து, புருஷன் ஸ்காபரோவில் இருக்க, ஸ்பொன்சரில் போகக் காத்திருந்த பிள்ளை. ஒரு அலுவலகம் கணினியில் அடித்துக் கொடுத்த பயணத் திட்டம் அது. அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். கட்டுநாயக்க, டோஹா, நியூயோர்க் என்று விமானங்கள். பிறகு பஃபலோவுக்குப் பஸ். கடைசி வரியில் "போடர் லாண்டிங்" என்று போட்டு, அதற்குத் தனிக் கட்டணம். ஓரத்தில் பச்சை மைப் பேனையால் யாரோ எழுதியிருந்தார்கள்: "யூ.எஸ். விசா தேவை இல்லை, ட்ரான்சிட் மட்டும்." தாளின் மேல் மூலையில் கனடாக் கொடி. பார்க்கிற எவரும் அரசாங்கத் தாள் என்றுதான் நினைப்பார்கள்.

நான் அந்தத் தாளை வைத்துவிட்டு, லாண்டிங் பேப்பரைக் காட்டு பிள்ளை என்றேன். பிரச்சினை அதில்தான் இருந்தது. அது காலாவதியாகி மாதங்கள் ஆகியிருந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், ஏனென்றால் உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியவில்லை, மீதிப் பேர் சொல்வதில்லை. லாண்டிங் பேப்பர் என்று நாம் சொல்கிற பிஆர் உறுதிப் பத்திரத்தில் ஒரு முடிவுத் திகதி இருக்கிறது. பெரும்பாலும் அது மெடிக்கல் செய்த நாளில் இருந்து பன்னிரண்டு மாதம். அதற்கு முன்னர் பாஸ்போட் முடிகிறதென்றால் அந்தத் திகதி. பத்திரம் எப்போது கையில் கிடைத்தது என்பது கணக்கே இல்லை. மெடிக்கல் முடித்து ஒன்பது மாதம் கழித்துப் பத்திரம் வந்தால் கையில் மிஞ்சுவது மூன்றே மாதம். அதை நீடித்துத் தர மாட்டார்கள். திகதி தாண்டிய பத்திரத்தை விமான நிலையத்திலும் ஏற்க மாட்டார்கள், தரை எல்லையிலும் ஏற்க மாட்டார்கள். "போடரில் இருக்கிற ஒபிசர் பார்த்து ஸ்டாம்ப் அடிப்பார், அங்கே கடுமை இல்லை" என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லப்பட்டிருந்தது. இதை எந்த வாய் சொன்னதோ.

மெடிக்கல் 2019 ஐப்பசியில், இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்ச் செய்தது. பத்திரம் வந்தது 2020 ஆடியில். அலுவலகம் சொன்னது: "எல்லாம் பூட்டு. திறந்ததும் நாங்களே கூப்பிடுறம்." பிள்ளையும் நம்பி இருந்தது. ஆனால் 2020 ஜூன் 8ஆம் திகதியே கனடா ஒரு வழியைத் திறந்துவிட்டது. கனடியப் பிரஜை அல்லது பிஆர் உள்ள ஒருவரின் கணவனோ மனைவியோ பிள்ளையோ சேர்ந்து வாழ வருவதென்றால் வரலாம் என்று. கட்டுநாயக்கவில் வருகிறவர்களுக்குத்தான் பூட்டு. வெளியே போகிறவர்களை ஏற்றிக்கொண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக விமானங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. கலியாணச் சான்றிதழையும் புருஷனின் பிஆர் அட்டைப் பிரதியையும் லாண்டிங் பேப்பரோடு வைத்துக்கொண்டு அந்த ஆவணிக்குள் நேரே ரொறொன்ரோவில் போய் இறங்கியிருக்கலாம். போடரும் வேண்டாம், பாலமும் வேண்டாம்.

பத்திரம் முடிந்துபோன பிறகு கனடாக் குடிவரவுத் துறை சும்மா இருந்துவிடவும் இல்லை. காலாவதியானவர்களுக்கு ஈமெயில் போட்டுக் கேட்டது: இன்னும் வர விருப்பமா, பாஸ்போட் செல்லுபடியாகுமா என்று. இந்தப் பிள்ளைக்கும் போட்டது. போன இடம் அலுவலகத்தின் ஈமெயில். விண்ணப்பம் போட்ட நாளில் நீங்கள் கொடுத்தது உங்கள் ஈமெயில், உங்கள் தொலைபேசி, உங்கள் பாஸ்வேர்ட். பிள்ளையின் வாழ்க்கை முழுவதும் உங்கள் கணினிக்குள் இருக்கிறது, பிள்ளைக்கு அதைத் திறக்க வழி இல்லை. புருஷன் அங்கிருந்து சண்டை பிடித்துப் பாஸ்வேர்டை வாங்கித் திறந்து பார்த்தால், அந்தக் கடிதம் திறக்கப்படாமல் கிடந்தது. அதற்கு மேலேயும் கீழேயும் அலுவலகத்துக்கு வந்த விளம்பரங்கள்.

"மறுகா என்ன மாமா செய்யிற?" என்று பிள்ளை கேட்டது. செய்வதற்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. புருஷன் குடிவரவுத் துறையின் இணையப் படிவத்தில் நடந்ததை எழுதினார். திரும்பவும் மெடிக்கல் செய்யச் சொன்னார்கள். செய்யப் புறப்பட்டால் 2021 மே மாதத்தில் மாகாணம் விட்டு மாகாணம் போகத் தடை, அப்புறம் நாடு முழுவதும் பயணத்தடை. அந்தத் தடை ஜூன் 21 அதிகாலை தளர்ந்தது. கனடா, செல்லுபடியாகும் பத்திரம் வைத்திருக்கிற எல்லோரும் வரலாம் என்று திறந்துவிட்டதும் அதே ஜூன் 21. ஆவணியில் இங்கே மீண்டும் ஊரடங்கு வர, டிக்கெட்டையே பாஸாகக் காட்டிக் கட்டுநாயக்க போய், நேர்மையாக விமானத்தில் போய் இறங்கியது பிள்ளை. ஹோட்டல் சட்டத்தை ஓகஸ்ட் 9ஆம் திகதியே எடுத்துவிட்டார்கள். எதற்குப் பயந்து அமெரிக்கா வழியைக் காட்டினீர்களோ அது அங்கே இருக்கவே இல்லை.

கட்டிய காசு திரும்பி வரவில்லை. "வேலை செய்த காசு" என்று பதில் வந்ததாம்.

ஹோட்டல் பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்முடைய சனத்துக்குத் தனிமைப்படுத்தல் என்றால் என்ன என்று யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2020 மார்ச்சில் இத்தாலி, கொரியா, ஈரான் என்று வந்து இறங்கியவர்களை முதன்முதலில் கொண்டுவந்து வைத்த இடங்களில் ஒன்று எங்கள் புணானை. ஆமி பஸ் வரிசையாகப் போனதை வாழைச்சேனை, ஓட்டமாவடிச் சனம் மறந்திருக்காது. அந்த நினைவு இருக்கிற சனத்திடம் "ஹோட்டலில் அடைச்சிடுவாங்க" என்று சொன்னால் எந்த வழியைக் காட்டினாலும் போவார்கள். இதை நீங்கள் நன்றாக அறிந்துதான் சொன்னீர்கள் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் உண்டு. எல்லை தாண்டுவது என்பது நமக்குப் பழக்கமான பேச்சு. 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரின் கதை தெரியும். 2009இல் ஓஷன் லேடிக் கப்பலில் 76 பேர், 2010இல் சன் சீயில் 492 பேர் போய்ச் சேர்ந்தது தெரியும். அவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்கள், வேறு வழி இல்லாமல். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த வீட்டில், கனடாப் போடர் தாண்டப் போகிறேன் என்று மகள் சொன்னால் தாய் அழுவாள், ஆனால் அதிசயப்பட மாட்டாள். காகிதம் இல்லாதவர்கள் போன வழியை, கனடா அரசாங்கமே "வா" என்று கூப்பிட்டுக் காகிதம் கொடுத்த பிள்ளைக்கு விற்றீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எழுத்து, அதாவது கலியாணப் பதிவு விஷயத்திலும் இதே விளையாட்டுத்தான். தாய் தகப்பனோடு சேர்த்துப் பிஆர் கிடைத்த பிள்ளைகள் 22 வயதுக்குக் குறைந்தவர்களாக, கலியாணம் ஆகாதவர்களாக இருக்க வேண்டும். வயதை விண்ணப்பக் கட்டத்திலேயே கணக்கெடுத்துப் பூட்டிவிடுவார்கள், கலியாணத்தை லாண்டிங் செய்கிற நிமிஷம் வரைக்கும் பார்ப்பார்கள். ஊரடங்கில் மண்டபம் இல்லை, சனம் கூட முடியாது, ஆகவே "இப்ப எழுத்தை மட்டும் முடிச்சு வைப்பம், கலியாணத்தைப் பிறகு பார்ப்பம்" என்று திருக்கோவில் பக்கத்திலும் எங்கள் பக்கத்திலும் எத்தனையோ வீடுகளில் முடிவெடுத்தார்கள். பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டால் கனடாவுக்கு அது கலியாணம்தான், தாலி கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும். இதைக் கேட்டு வந்தவர்களிடம் உங்களில் சிலர் சொன்னது: "லாண்டிங் முடிஞ்ச பிறகு சொல்லலாம்." லாண்டிங் மேசையில் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் கையெழுத்து வாங்குவார்கள். அங்கே மறைத்தால் பிஆரே பறிபோகலாம். மறைத்த துணையைப் பின்னர் ஸ்பொன்சர் செய்யவும் விடமாட்டார்கள். அவசரத்தில் ஒரு எழுத்து, அதனால் இரண்டு குடும்பம் நடுவீதியில். எழுத்தைத் தள்ளிப் போடுங்கள் என்று சொல்ல உங்களுக்கு ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். நகைப் பட்டியல் விஷயத்தில் உங்களில் சிலர் கெட்டிக்காரர்கள். தாலிக்கொடி எத்தனை பவுண், காப்பு எத்தனை சோடி, எதைக் கொண்டுபோகிறார்கள், எதை அம்மாவிடம் விட்டுப் பிறகு எடுப்பார்கள் என்று ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, நகைக்கடையில் மதிப்பும் எழுதி வாங்கி, சுங்கப் படிவத்தோடு பின் அடித்துக் கொடுக்கிறீர்கள். முதல் லாண்டிங்கில் எழுதாத நகைக்குப் பிறகு வரி கேட்பார்கள் என்பதைச் சரியாக விளங்கி வைத்திருக்கிறீர்கள். ஒரு சோடிக் காப்புக்குக் காட்டுகிற கவனத்தைப் பத்திரத்தின் முடிவுத் திகதிக்குக் காட்டினால் நான் இந்த மடலை எழுத வேண்டி வந்திராது.

உங்கள் பலகைகளைப் பற்றி. சிலவற்றில் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி எண் பெரிதாகப் போட்டிருக்கிறது. அது வேலைக்கு ஆள் அனுப்பத் தரும் அனுமதி. கனடாக் குடியேற்றத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லவோ விண்ணப்பம் பார்க்கவோ அந்த நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி அவர்களுடைய வழக்கறிஞராகவோ, உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும். உரிமம் உள்ள ஆலோசகர்களின் பெயர்களை, அவர்களை மேற்பார்க்கிற 'கல்லூரி' (College) என்ற கனடிய அமைப்பு இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. யாரும் ஒரு காசு இல்லாமல் தேடிப் பார்க்கலாம். படிவம் தட்டச்சு செய்கிறோம், டிக்கெட் போடுகிறோம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், அதற்கு ஊரில் தேவை இருக்கிறது. அதை மட்டும் பலகையில் எழுதுங்கள்.

இனிக் கல்முனை நோட்டீஸ். இப்போது போடருக்குப் போய் முடிக்க என்ன மிச்சம் இருக்கிறது? கனடாவுக்குள் இருக்கிறவர்களுக்குப் பிஆர் உறுதிப்படுத்தல் இணையத்திலேயே நடக்கிறது. வேலை விசா, படிப்பு விசாவை எல்லையில் போய் மாற்றுவதையும் 2024 டிசம்பர் 23ஆம் திகதியோடு, ஒரு சில விதிவிலக்குகள் தவிர, நிறுத்திவிட்டார்கள். இங்கிருந்து போகிற பிள்ளைக்கு விமானம் இறங்குகிற இடம்தான் போடர். லாண்டிங் அங்கேயே நடக்கும், அதற்குக் கட்டணமும் இல்லை. அந்த நோட்டீஸை ஒட்டியவர் யாரோ, கிழித்துவிடுங்கள்.

நான் கேட்பது அதிகம் இல்லை. விண்ணப்பம் போடுகிற அன்றைக்கே அந்த ஆளின் சொந்த ஈமெயிலைக் கொடுங்கள்; இல்லை என்றால் திறந்து கொடுங்கள், ஐந்து நிமிஷ வேலை. பாஸ்வேர்டை எழுதிக் கையில் கொடுங்கள். ஏற்கெனவே உங்களிடம் இருக்கிற கோப்புகளுக்கும் இதைச் செய்யுங்கள். பத்திரம் வந்த அன்றைக்கு அதன் முடிவுத் திகதியைத் தமிழில், பெரிய எழுத்தில், கோப்பின் வெளி மட்டையில் எழுதுங்கள். அம்மா அப்பாவுக்கும் காட்டுங்கள், ஏனென்றால் நல்ல நாள் பார்ப்பது அவர்கள்தான்; பங்குனி கழியட்டும், சித்திரை கழியட்டும் என்று இழுப்பதும் அவர்கள்தான். நடக்காத வேலைக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடுங்கள். வாங்கிய காசுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள், அதில் எதற்கு என்று எழுதுங்கள். "சேவைக் கட்டணம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள்.

இந்த மடலின் பிரதியைப் பிரதேச செயலகத்து அறிவித்தல் பலகைக்கும் வாசிகசாலைக்கும் கொடுத்திருக்கிறேன். பாஸ்வேர்ட் தர மறுக்கிற அலுவலகம், போடருக்கென்று காசு வாங்கிய அலுவலகம் இருந்தால், பற்றுச்சீட்டோடு வருகிறவர்களுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதிக் கொடுப்பேன். பின்நேரம் நாலு மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் வரலாம், தேத்தண்ணி உண்டு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம உத்தியோகத்தர்,
களுவாஞ்சிகுடி.